பௌஹவுஸ் தறிக்கூடம்

ஜெர்மனியின் வைமார் நகரில் 1919இல் கட்டடக் கலைஞர் வால்டர் குரோப்பியஸ் பௌஹவுஸ் கலைப்பள்ளியைத் தொடங்கியபோது, ஆண் பெண் பேதமில்லாமல் சேர்க்கை என்று அறிவித்தார். முதல் பருவத்தில் பெண்கள் 84 பேர், ஆண்கள் 79 பேர். அறிவித்தவருக்கே கலக்கம் வந்துவிட்டது. மறு ஆண்டே ஆசிரியர் குழு, வரும் பெண்களைத் தறிப் பக்கம் திருப்பிவிடத் தொடங்கியது. புதுமை பேசிய பள்ளியிலும் பழைய கணக்குத்தான் செல்லுபடியானது.

மாணவி ஆனி ஆல்பர்ஸ் கண்ணாடிப் பட்டறைக்கு ஆசைப்பட்டவர். தறிக்கு மனமில்லாமல்தான் போனார். அங்கே முறையாகச் சொல்லிக்கொடுக்கவும் ஆள் போதவில்லை. பொறுப்பாளர் கெயோர்க் மூஹே ஓவியர். மாணவியர் தாங்களே பாவு பூட்டி, பிரித்து, மறுபடி பூட்டிக் கற்றார்கள். அவர்களில் குண்டா ஸ்டோல்சலும் பெனிட்டா ஓட்டேயும் கிரேஃபெல்டு நகருக்குப் போய்ச் சாயத்தொழில் படித்து வந்தார்கள்.

பள்ளி டெஸ்ஸாவுக்கு மாறிய பின், 1927இல் ஸ்டோல்சல் தறிக்கூடத்தின் தலைமையேற்றார். சுவரில் தொங்கும் ஒற்றை அலங்காரத் துணிகளிலிருந்து ஆலைகளுக்கான மாதிரித் துணிகளுக்குக் கூடம் நகர்ந்தது. பள்ளிக்கு வருமானம் தந்த பட்டறைகளில் ஒன்றாகவும் ஆனது. ஆனி ஆல்பர்ஸ் 1930இல் பெர்னாவ் தொழிற்சங்கப் பள்ளி அரங்கத்துக்கு நெய்த சுவர்த்துணியை நினைத்தால் இன்றும் வியப்புத்தான்: ஒரு புறம் ஒலியை உறிஞ்சும், செல்லோபேன் கலந்த மறுபுறம் ஒளியைத் திருப்பும். தறிக்கு வர மனமில்லாதவர் செய்த வேலை இது!

நெசவு பெண்ணுக்கே உரிய துறை என்று ஸ்டோல்சலே 1926இல் எழுதினார். அதில் எனக்கு உடன்பாடில்லை. வேறு கதவுகளைச் சாத்திவிட்டு, திறந்திருந்த ஒன்றை இயல்பு என்று சொல்வது நியாயமாகாது. அந்தப் பெண்கள் காட்டியது திறமை. அதற்குப் பெண்மை என்று பெயரிட்டால் உழைப்பு மறைந்துபோகும்.

நாஜிகளின் செல்வாக்கு ஏறிய 1931இல் ஸ்டோல்சல் பதவி விலக நேர்ந்தது. 1933இல் பள்ளியே மூடப்பட்டது. அமெரிக்கா சென்ற ஆனி ஆல்பர்ஸின் நெசவுகளை 1949இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் தனிக் கண்காட்சியாக வைத்தது. இன்னொரு மாணவியான ஓட்டி பெர்கர், தன் துணிகள் தன் பெயரில்தான் விற்கப்பட வேண்டும் என்று நிறுவனங்களோடு வாதாடியவர். 1934இல் நெசவுக்காகக் காப்புரிமையும் பெற்றார். யூதரான அவர் 1944இல் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார்.

பெர்கர் கேட்டது தன் பெயரைத்தான். நம் நெசவுப் பயிற்சிக்கூடத்து விழா மலரிலோ புரவலர் பெயர்கள் வரிசையாக வருகின்றன. அடுத்த மலரிலாவது, ஒவ்வொரு சேலைப் படத்தின் கீழும் நெய்தவர் பெயரை அச்சிடுமாறு விழாக் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.