இல்லப் பட்டறையில் தூசி உறிஞ்சும் குழாயைத் தேர்ந்தெடுத்தல்: நோயாளிகளுக்கும் பராமரிப்பாளர்களுக்குமான வழிகாட்டி

அறிமுகம்

தூசி உறிஞ்சும் குழாய் என்பது, மின்கருவியில் உண்டாகும் தூசியை அது காற்றில் பரவுமுன் இழுத்து, வடிகட்டியுள்ள உறிஞ்சு இயந்திரத்திற்குக் கொண்டு செல்லும் வளையும் தன்மையுடைய குழாய் ஆகும். பேச்சு வழக்கில் இது 'ஹோஸ்' எனப்படுகிறது. மரவேலை செய்வோர் பலர் கருவிக்கும் இயந்திரத்திற்கும் பெருந்தொகை செலவிட்டபின், குழாயைக் கையில் கிடைத்த அளவில் வாங்கிவிடுகின்றனர். குழாய் பொருந்தாவிட்டால் மற்ற இரண்டும் பயன் தருவதில்லை.

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் விசைத்தறிகளுக்குப் பெயர்பெற்ற ஊர். தறி ஓடும் கூடமும் குடும்பம் வாழும் அறையும் ஒரே கூரையின்கீழ் அமைந்த வீடுகளை இத்தகைய ஊர்களில் காணலாம். வீட்டின் பின்கட்டிலோ திண்ணையிலோ நடைபெறும் தச்சு வேலைக்கும் இதே நிலைதான். எனவே பட்டறைத் தூசி, வேலை செய்பவரோடு நிற்பதில்லை. அடுத்த அறையில் உள்ள ஆஸ்துமா நோயாளி, மூச்சுக்குழாய் அடைப்பு நோயுள்ள முதியவர், குழந்தை ஆகியோரையும் அது சென்றடைகிறது. இப்பக்கம் அவர்களையும் அவர்களைப் பராமரிப்பவர்களையும் கருத்தில் கொண்டு எழுதப்பட்டுள்ளது.

தூசி உடலில் என்ன செய்கிறது?

தரையில் விழும் மரத்தூளும் சீவலும் கண்ணுக்குத் தெரிபவை. அவற்றைக் கூட்டி அள்ளிவிடலாம். தீங்கு மிகுந்தது கண்ணுக்குத் தெரியாத நுண்தூசியே. 10 மைக்ரானுக்கும் குறைவான துகள்கள் மூச்சுப் பாதைக்குள் நுழைகின்றன. ஏறத்தாழ 4 மைக்ரானுக்கும் குறைவானவை நுரையீரலின் காற்றறைகள் வரை செல்லக்கூடியவை. வேலை முடிந்து கருவி நின்ற பின்னரும் இத்துகள்கள் பல மணி நேரம் காற்றில் மிதந்துகொண்டிருக்கும்.

மரத்தூசி: மூக்கடைப்பு, தும்மல், தோல் அழற்சி, ஆஸ்துமா ஆகியவற்றைத் தூண்டும். தேக்கு, ஈட்டி போன்ற மரங்களின் தூசி சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். உலக சுகாதார அமைப்பின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் வெளியிட்ட அறிக்கையில், மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. நீண்டகாலம் தொழில்முறையில் இத்தூசியைச் சுவாசிப்பவர்களுக்கு மூக்கறையிலும் முகக்காற்றறைகளிலும் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது.

கல், ஓடு, சிமெண்ட் தூசி: இவற்றில் உள்ள சிலிக்கா, நுரையீரலில் ஆறாத தழும்பை உண்டாக்கும் சிலிக்கோசிஸ் நோய்க்குக் காரணமாகும். சிலிக்கோசிஸ் உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் அதிகம்.

பஞ்சுத் தூசி: நூல், பஞ்சு ஆகியவற்றின் தூசியை நீண்டகாலம் சுவாசித்தால் பிசினோசிஸ் எனும் நுரையீரல் நோய் ஏற்படலாம். வார விடுமுறைக்குப் பின் வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுக்கம் தோன்றுவது இதன் தொடக்க அடையாளம். சிலிக்கோசிஸும் பிசினோசிஸும் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில், அரசுக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய நோய்களாகப் பட்டியலிடப்பட்டவை.

குழாயைத் தேர்ந்தெடுக்கும் முறை

1. விட்டம்

விட்டமே முதலில் முடிவு செய்ய வேண்டியது. ஒரே அளவு காற்று செல்லும்போது, குழாயின் விட்டம் பாதியானால் அதன் எதிர்ப்பு ஏறத்தாழ 32 மடங்காகிறது. 36 மி.மீ. குழாய்க்குப் பதிலாக 27 மி.மீ. குழாயைப் பொருத்தினால் எதிர்ப்பு 4 மடங்குக்கும் மேலாகக் கூடும். உறிஞ்சும் காற்று குறைந்து, கருவியின் வாயிலிருந்து நுண்தூசி வெளியே தப்பிவிடும்.

இதனால் பெரிய குழாயே எப்போதும் நல்லது என்று கொள்ளக் கூடாது. குழாய்க்குள் தூசி தங்காமல் செல்ல, காற்று விநாடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். 36 மி.மீ. குழாயில் இந்த வேகத்திற்கு மணிக்கு ஏறத்தாழ 73 கன மீட்டர் காற்று போதும். 50 மி.மீ. குழாய்க்கு 141 கன மீட்டரும், 100 மி.மீ. குழாய்க்கு 565 கன மீட்டரும் தேவை. பட்டறை வாக்குவம் கிளீனரில் 100 மி.மீ. குழாயைப் பொருத்தினால் காற்றின் வேகம் தளர்ந்து, தூள் குழாயின் அடியிலேயே படியும்.

கருவிக்கு ஏற்ற அளவைப் பின்வருமாறு கொள்ளலாம்:
- உப்புத்தாள் இயந்திரம் (சாண்டர்), ஜிக்சா: 27 முதல் 36 மி.மீ. வரை. மெல்லிய குழாய் கைக்கு இலகுவானது. ஆயினும் அது குட்டையாக இருக்க வேண்டும்.
- கையில் பிடித்து அறுக்கும் வட்ட ரம்பம், ரௌட்டர்: 36 மி.மீ.
- மின் இழைப்புளி: 36 முதல் 50 மி.மீ. வரை. இதன் சீவல் சுருள்கள் மெல்லிய குழாயில் அடைத்துக்கொள்ளும்.
- மேசை ரம்பம், நிலையான இழைப்பு இயந்திரம்: 100 மி.மீ. குழாயும், அதற்கென உள்ள தனி உறிஞ்சு இயந்திரமும்.

2. நீளம்

நீளம் இரட்டிப்பானால் எதிர்ப்பும் இரட்டிப்பாகும். சிறு பட்டறைக்கு 3 முதல் 4 மீட்டர் போதும். மீதமுள்ள நீளத்தைச் சுருட்டி வைத்துக்கொண்டு வேலை செய்யக் கூடாது. ஒவ்வொரு வளைவும் காற்றைத் தடுக்கிறது. இயந்திரத்தை வேலை நடக்கும் இடத்தின் அருகே நகர்த்துவது, நீண்ட குழாய் வாங்குவதைவிட நன்று.

3. உட்புறமும் மூலப்பொருளும்

வெளியே வரிவரியாகத் தோன்றும் குழாயின் உட்புறம் வழவழப்பாக உள்ளதா என்று விரலால் தடவிப் பார்க்கவும். உள்ளே மேடுபள்ளம் இருந்தால் காற்று தளரும். பஞ்சும் நூலும் அதில் சிக்கும். பி.வி.சி. குழாய் விலை குறைவு. ஆனால் வெயிலில் கிடந்தால் கெட்டிப்பட்டு வெடிக்கும். பாலியூரித்தேன் குழாய் தேய்மானத்தைத் தாங்கும். தோட்டத்திற்கு நீர் பாய்ச்சும் குழாயை இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

4. நிலைமின்சாரம்

வறண்ட நாளில் தூசி விரைந்து ஓடும்போது குழாயில் நிலைமின்சாரம் சேரும். கருவியைப் பிடித்திருப்பவருக்குச் சுரீரென்று அதிர்ச்சி ஏற்பட்டு, ரம்பத்தின் மீதுள்ள கை தவறக்கூடும். ஆன்டிஸ்டாட்டிக் குழாய் இதைத் தவிர்க்கும். ஆனால் குழாயின் இணைப்பும் இயந்திரமும் அதே வகையாக இருந்து, மின் இணைப்பில் எர்த் முறையாக இருந்தால்தான் பயன் உண்டு. எர்த் சரிதானா என்பதை மின்பணியாளரைக் கொண்டு உறுதி செய்துகொள்ளவும்.

5. இணைப்பு

கருவிகளின் தூசி வாய் நிறுவனத்திற்கு நிறுவனம் அளவில் மாறுபடும். விற்பனையாளர் கூறும் அளவு உள்விட்டமா, வெளிவிட்டமா என்று கேட்டு அறியவும். கருவியையே கடைக்குக் கொண்டு சென்று பொருத்திப் பார்ப்பது சிறந்தது. அளவு மாறினால் ரப்பர் இணைப்பானைப் பயன்படுத்தலாம். ஒட்டு நாடாவைச் சுற்றி வைப்பது சில நாட்களில் நெகிழ்ந்து, காற்று கசிய இடம் தரும். முனை சுழலும் வகையாக இருந்தால் குழாய் முறுக்கிக்கொள்ளாது.

குழாய் மட்டும் போதுமா?

போதாது. குழாய் இழுத்த தூசியை இயந்திரத்தின் வடிகட்டி பிடிக்காவிட்டால், பின்புற வழியாக நுண்தூசி மீண்டும் அறைக்குள் வீசப்படும். அப்போது நோயாளிக்கு நிலைமை முன்னைவிட மோசமாகலாம். பன்னாட்டுத் தரநிலையில் இத்தகைய இயந்திரங்கள் எல், எம், எச் என வகைப்படுத்தப்படுகின்றன. எல் வகை 1 விழுக்காடு வரையிலும், எம் வகை 0.1 விழுக்காடு வரையிலும், எச் வகை 0.005 விழுக்காடு வரையிலும் மட்டுமே தூசியை வெளியே விடலாம். மரவேலைக்கு எம் வகை ஏற்றது. வீடு பெருக்கப் பயன்படும் சாதாரண வாக்குவம் கிளீனரை இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

இயந்திரத்தின் வெளிக்காற்றைத் தனிக் குழாய் மூலம் வீட்டிற்கு வெளியே விட வசதியிருப்பின், காற்றின் திசையைக் கவனிக்கவும். தென்காசி மாவட்டத்தில் ஆனி, ஆடி மாதங்களில் மேற்குக் காற்று பலமாக வீசும். அம்மாதங்களில் மேற்குப் பக்கம் விடப்படும் தூசி வீட்டிற்குள்ளேயே திரும்பும். அண்டை வீட்டு சன்னலை நோக்கியும் விடக் கூடாது.

உறிஞ்சு குழாய் இருந்தாலும், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 9473 முத்திரை பெற்ற எஃப்.எஃப்.பி.2 வகை முகக்கவசம் அணிய வேண்டும். துண்டைக் கட்டிக்கொள்வது நுண்தூசியைத் தடுக்காது.

தறி உள்ள வீடுகளுக்கு

தறியில் படிந்த பஞ்சைக் காற்றழுத்தக் குழாயால் ஊதித் தள்ளும் வழக்கம் தூசியை வீடு முழுவதும் பரப்புகிறது. தறியை நிறுத்தி, மின் இணைப்பைத் துண்டித்தபின், உட்புறம் வழவழப்பான 36 முதல் 50 மி.மீ. குழாயால் உறிஞ்சி எடுக்க வேண்டும். அவ்வேளையில் நோயாளியும் குழந்தைகளும் கூடத்தில் இருத்தல் கூடாது.

பராமரிப்பாளர் கடைப்பிடிக்க வேண்டியவை

- பட்டறைக்கும் நோயாளியின் அறைக்கும் இடையிலுள்ள கதவை வேலை நேரத்திலும், அதன்பின் சில மணி நேரமும் மூடி வைக்கவும்.
- வேலை முடிந்ததும் உலர்ந்த துடைப்பத்தால் பெருக்க வேண்டாம். ஈரத் துணியால் துடைக்கவும்.
- வேலை உடையோடு நோயாளியின் அருகில் செல்லாமல், உடை மாற்றிக் கைகால் கழுவிய பின் செல்லவும்.
- தூசிப் பையை வீட்டிற்கு வெளியே, முகக்கவசம் அணிந்து காலி செய்யவும். இப்பணியை நோயாளியிடம் ஒப்படைக்கக் கூடாது.
- வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டரோ செறிவூட்டியோ பயன்படுத்தப்பட்டால், அதன் அருகில் தீப்பொறி எழும் எந்த வேலையும் கூடாது. ஆக்சிஜன் தீயை விரைந்து வளர்க்கும். செறிவூட்டியின் காற்று வடிகட்டியைத் தூசி அடைக்கும் என்பதால், அதை அடிக்கடி பார்த்துத் தூய்மை செய்யவும்.
- மரத்தூள் உள்ள இயந்திரத்தில் இரும்பு தேய்க்கும் கிரைண்டரை இணைக்கக் கூடாது. உள்ளே சென்ற பொறி தூளில் கனன்று, நெடுநேரம் கழித்தும் தீப்பற்றலாம்.
- ஓடு, கருங்கல், சிமெண்ட் ஆகியவற்றை நீர் விட்டு அறுப்பதே பாதுகாப்பு. அதற்கென அமைந்த கருவியையே பயன்படுத்தவும்.

குழாய் சரியாக வேலை செய்கிறதா என அறிய

இரவில் அறை விளக்கை அணைத்து, கருவியும் உறிஞ்சு இயந்திரமும் ஓடும்போது பக்கவாட்டிலிருந்து மற்றொருவர் டார்ச் ஒளியைப் பாய்ச்சட்டும். கருவியை இயக்குபவருக்கு வேலை தெரியுமளவு மேசை விளக்கு இருக்க வேண்டும். ஒளிக்கற்றையில் தூசி புகைபோல் எழுந்தால் குழாயில் அடைப்பு, கசிவு அல்லது அளவுப் பொருத்தமின்மை உள்ளது. இணைப்பைச் சுற்றித் தூள் வளையமாகப் படிவதும் கசிவின் அடையாளம். முதலில் பையையும் வடிகட்டியையும், பின்னர் குழாயையும் பார்க்கவும்.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?

பின்வருவன இருந்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அரசு மருத்துவமனையையோ அணுகவும்:
- 2 வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமல். இதற்குச் சளிப் பரிசோதனை அவசியம். அரசு மருத்துவமனைகளில் இது கட்டணமின்றிச் செய்யப்படுகிறது.
- வேலை நாட்களில் மிகுந்து, விடுமுறையில் குறையும் இளைப்பு அல்லது நெஞ்சு இறுக்கம்.
- மூக்கின் ஒரு பக்கம் மட்டும் நீடிக்கும் அடைப்பு அல்லது இரத்தக் கசிவு.
- வழக்கத்தைவிட அடிக்கடி இன்ஹேலர் தேவைப்படுதல்.

மருத்துவரிடம் என்ன வேலை, எத்தனை ஆண்டுகள், என்ன தூசி என்பதைத் தவறாமல் கூறவும். நோயாளி வேலை செய்யாதவராயினும், வீட்டில் பட்டறையோ தறியோ இருப்பதைத் தெரிவிக்கவும்.

மூச்சுத் திணறலால் ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேச இயலாமை, உதடு நீலமாதல், இன்ஹேலர் எடுத்தும் குறையாத இளைப்பு ஆகியவை அவசர நிலை. உடனே 108 எண்ணை அழைக்கவும். பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104 எண்ணைத் தொடர்புகொள்ளலாம்.

நினைவில் கொள்க

தூசியைப் பரவவிட்டுத் துடைப்பதைவிட, அது எழும் இடத்திலேயே பிடிப்பதே பாதுகாப்பு. கருவிக்கேற்ற விட்டம், தேவையான அளவு நீளம், கசியாத இணைப்பு, நல்ல வடிகட்டி ஆகிய நான்கும் ஒன்றாக அமைய வேண்டும். இவை இருந்தும் நோயாளிக்கு இளைப்பு தொடர்ந்தால், பட்டறையை வீட்டிலிருந்து பிரித்து அமைப்பது குறித்து மருத்துவருடன் கலந்து முடிவு செய்யவும். மருத்துவர் எழுதித் தந்த மருந்தை, தூசி குறைந்துவிட்டது என்று கருதித் தாமாக நிறுத்தக் கூடாது.