திருச்சபையின் எழுப்புதலும் இளையோரும்: தரங்கம்பாடியில் இருந்து டென்மார்க் வரை

ஞாயிறு வழிபாடு முடிந்து தேநீர்க் கோப்பையுடன் நிற்கும் வேளையில் எமது பெரியவர்களின் வாயில் அடிக்கடி வரும் கவலை ஒன்று உண்டு. "பிள்ளையளை இப்ப கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு வரேலாமல் கிடக்கு" என்பதே அது. உறுதிபூசுதல் அல்லது திடப்படுத்தல் முடியும்வரை வருகிறார்கள், அதற்குப் பிறகு நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் மட்டுமே முகம் காட்டுகிறார்கள். கத்தோலிக்கக் குடும்பங்களிலும் சரி, புரட்டஸ்தாந்து, சுயாதீன சபைகளிலும் சரி, இந்தக் கவலை பொதுவானது.

நாம் வாழும் டென்மார்க் நாட்டின் தேசியத் திருச்சபையும் இதே கவலையுடன்தான் இருக்கிறது. எண்பதுகளின் நடுப்பகுதியில் நாம் இங்கே வந்து இறங்கியபோது நாட்டு மக்களில் 100இற்கு 90 பேருக்கு மேல் அதன் உறுப்பினராக இருந்தனர். இன்று அது ஏறத்தாழ 70 ஆகக் குறைந்துவிட்டது. ஆனால் இந்த நாட்டின் திருச்சபை தளர்ந்துபோனது இதுவே முதல்முறை அல்ல. ஒவ்வொரு முறையும் அதை எழுப்பியவர்கள் யார் என்று தேடிப் பார்த்தால், அவர்களில் பலர் முப்பது வயதைத் தாண்டாதவர்கள். அந்த வரலாற்றின் முதல் அத்தியாயம் எமது தமிழோடும் பின்னிப் பிணைந்தது.

24 வயதில் தமிழ் படித்தவர்

17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியின் லூத்தரன் சபைகளில் பக்தி இயக்கம் ஒன்று தோன்றியது. கோட்பாடுகளை மனனம் செய்வது மட்டும் போதாது, மனமாற்றமும் வேதவாசிப்பும் ஏழைகளுக்கான சேவையும் வேண்டும் என்றது அது. அதன் மையங்களில் ஒன்று ஹாலே நகரம். அங்கே ஔகுஸ்ட் ஹெர்மன் பிராங்கே 1695இல் ஏழைப் பிள்ளைகளுக்கான பாடசாலை ஒன்றைத் தொடங்கினார். பின்னர் அநாதை இல்லம், அச்சகம், மருந்தகம் என்று அது விரிந்தது. அங்கே படிக்க வந்த மாணவர்களே இயக்கத்தின் கால்களாக மாறினர்.

டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக், சோழமண்டலக் கரையில் இருந்த தம் குடியேற்றமான தரங்கம்பாடிக்குப் போதகர்களை அனுப்ப விரும்பியபோது, இந்த வட்டத்தில் இருந்தே இருவர் கிடைத்தனர். ஒருவர் பர்த்தலோமேயு சீகன்பால்க், மற்றவர் ஹென்ரிக் புளூட்சோ. கொப்பன்ஹேகனில் குருப்பட்டம் பெற்று 1705 நவம்பர் இறுதியில் கப்பலேறிய அவர்கள் 1706 ஜூலை 9ஆம் திகதி தரங்கம்பாடியை அடைந்தனர். சீகன்பால்குக்கு அப்போது ஏறக்குறைய 24 வயது.

அவர் செய்த முதல் வேலை தமிழ் படித்ததுதான். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளுடன் அமர்ந்து மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினார். ஓராண்டு முடிவதற்குள் தமிழில் பேசத் தொடங்கிவிட்டார். ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்து, 1708இல் தாம் சேர்த்த தமிழ் நூல்களுக்கு ஒரு விளக்கப் பட்டியலே தயாரித்தார். புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி, 1714-15இல் தரங்கம்பாடி அச்சகத்திலேயே அச்சிட்டார். தமிழ் எழுத்துகள் ஹாலேயில் வார்க்கப்பட்டு வந்தவை. 1716இல் அவருடைய தமிழ் இலக்கண நூல் ஹாலேயில் வெளிவந்தது. 1719 பெப்ரவரி 23இல் 36 வயதில் அவர் காலமானார். தாம் கட்டியெழுப்பிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இந்த வேலைக்கு முதல் எதிர்ப்பு வெளியாரிடம் இருந்து வரவில்லை. தரங்கம்பாடியில் டேனிஷ் மக்களுக்கென 1701இலேயே சீயோன் ஆலயம் இருந்தது. கோட்டையும் தளபதியும் வணிகர்களும் கிறிஸ்தவர்களே. அந்தத் தளபதி ஹாசியுஸ்தான், ஒரு விதவையின் வழக்கில் சீகன்பால்க் தலையிட்டதை அடுத்து, 1708 நவம்பரில் அவரை டான்ஸ்போர்க் கோட்டையில் அடைத்தார். நான்கு மாதங்கள் சிறையில் இருந்துவிட்டே அவர் வெளியே வந்தார்.

ஹாலேயில் இருந்தவர்களும் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளவில்லை. தென்னிந்தியத் தெய்வங்கள் பற்றி அவர் 1713இல் எழுதிய நூலை அச்சிட பிராங்கே மறுத்தார். அது 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. பக்தி இயக்கத்தின் தலைவருக்கே தம் மாணவர் போன தூரம் அதிகமாகத் தோன்றியிருக்கிறது.

ஒரு சுடரில் இருந்து அடுத்தது

தரங்கம்பாடியில் இருந்து போன கடிதங்களும் அறிக்கைகளும் ஹாலேயில் வாசிக்கப்பட்டன. அவற்றைக் கேட்டு வளர்ந்த மாணவர்களில் ஒருவர் சின்சென்டோர்ப் என்ற பிரபுக் குடும்பத்துச் சிறுவன். 1710இல் 10 வயதில் அங்கே படிக்க வந்தவர். அவருடைய நிலத்தில் புகலிடம் தேடி வந்த மொராவிய அகதிகள் ஹெர்ன்ஹூட் என்ற ஊரை உருவாக்கினர். 1727 ஓகஸ்ட் 13இல் அங்கே பெரும் எழுப்புதல் ஏற்பட்டபோது சின்சென்டோர்புக்கு 27 வயது. அந்த எழுப்புதல் நாடிழந்து வந்த குடும்பங்களின் நடுவில் நடந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

1732இல் ஹெர்ன்ஹூட்டில் இருந்து லெயன்ஹார்ட் டோபர், டேவிட் நிட்ஷ்மன் என்ற இருவர் கொப்பன்ஹேகன் வழியாகப் புறப்பட்டனர். மேற்கிந்தியத் தீவுகளில் டென்மார்க்கின் கீழ் இருந்த செயின்ட் தோமஸ் தீவின் அடிமைகளிடம் போவதே அவர்களின் நோக்கம். அதே மொராவிய சகோதரர்கள் 1773இல் தென் யூலாந்தில் நிறுவிய ஊர்தான் கிறிஸ்டியன்ஸ்பெல்ட். 2015 முதல் அது யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னம். தேன் கேக் வாங்க அங்கே போகும் எமது குடும்பங்கள், அந்த ஊரின் வேர் தரங்கம்பாடிக் கடிதங்கள் வரை போகிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

யாழ்ப்பாணத்துக்கும் இந்தச் சுடர் வந்து சேர்ந்தது. 1750இல் 23 வயதில் தரங்கம்பாடிக்கு வந்த சுவார்ட்ஸ் ஐயர் 1760இல் இலங்கைக்கும் வந்து போனார். அவருடைய மாணவரான கிறிஸ்தியன் தாவீது என்ற தமிழர் 1801இல் யாழ்ப்பாணம் வந்து பணியாற்றினார். 1824இல் அவர் ஆங்கிலிக்கன் குருவாக அபிஷேகம் பெற்றார். அதே 1824இல் அமெரிக்க மிஷனின் தெல்லிப்பழை விடுதிப் பாடசாலை மாணவர்களிடையே ஓர் எழுப்புதல் தொடங்கியது. அது உடுவில், வட்டுக்கோட்டை, மானிப்பாய், பண்டத்தரிப்பு என்று பரவியது. அதைத் தொடக்கியவர்கள் பாடசாலைப் பிள்ளைகள்.

எழுப்பியவர்கள் காவலர்கள் ஆனபோது

டென்மார்க்கின் கதையில் எமக்கு ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. 1730இல் அரியணை ஏறிய ஆறாம் கிறிஸ்தியன் பக்தி இயக்கத்தைச் சேர்ந்தவர். 1736இல் திடப்படுத்தலை நாடெங்கும் கட்டாயமாக்கியவர் அவரே. இன்று 14 வயதில் டேனிஷ் பிள்ளைகள் கொண்டாடும் அந்த விழாவின் தொடக்கம் அதுதான். ஆனால் 1741இல் அதே மன்னர் ஒரு சட்டம் கொண்டுவந்தார். குருவின் மேற்பார்வை இல்லாமல் மக்கள் கூடிச் செபிப்பதை அது தடுத்தது. சிறு குழுக்களில் பிறந்த இயக்கம் அதிகாரத்துக்கு வந்ததும் சிறு குழுக்களுக்குப் பயந்தது.

அந்தச் சட்டத்தின் சுமையை அடுத்த நூறு ஆண்டுகள் விவசாயிகளே தாங்கினர். 1790களில் வைலேக்கும் ஹோர்சென்ஸுக்கும் இடைப்பட்ட கிராமங்களில், அரசு திணித்த புதிய பாட்டுப் புத்தகத்தையும் பாடநூலையும் ஏற்க மறுத்து, பழைய பாடல்களையே பாடிய மக்களை "வலிய யூலாந்தர்" என்று அழைத்தனர். பின்னர் ஃபூன் தீவிலும் பிற இடங்களிலும் வீடுகளில் கூடிச் செபித்தவர்கள் தண்டப்பணம் கட்டினர், சிலர் சிறைக்கும் போயினர். 1849 அரசியலமைப்பு மத சுதந்திரம் தந்த பிறகே இந்த நிலை மாறியது.

நகரத்திலும் ஓர் இளைஞர் இதே கேள்வியை எழுப்பினார். 1810 மார்ச்சில், 26 வயதான குருண்ட்விக் தம் தேர்வுப் பிரசங்கத்தில், ஆண்டவரின் வார்த்தை அவருடைய இல்லத்தில் இருந்து ஏன் மறைந்தது என்பதையே பொருளாக எடுத்தார். அது அச்சில் வந்ததும் தலைநகரக் குருக்கள் முறையிட்டனர், அவர் கண்டிக்கப்பட்டார். அன்று கண்டிக்கப்பட்ட அவருடைய பாடல்கள் இன்று டேனிஷ் பாட்டுப் புத்தகத்தில் வேறு எவருடையதையும் விட அதிகம். எமது பிள்ளைகள் தங்கிப் படிக்கும் மக்கள் உயர்பாடசாலை என்ற எண்ணமும் அவருடையதே. முதலாவது 1844இல் ரொட்டிங் என்ற ஊரில் திறக்கப்பட்டது.

அதே 1844இல் இலண்டனில் துணிக்கடை ஊழியரான 22 வயது ஜோர்ஜ் வில்லியம்ஸ் தம் நண்பர்களுடன் தொடங்கிய கிறிஸ்தவ வாலிபர் சங்கம் உலகெங்கும் பரவி, 1878இல் கொப்பன்ஹேகனுக்கும் வந்தது. இங்கே அதன் பெயர் கே.எஃப்.யூ.எம். சில ஆண்டுகளில் இளம் பெண்களுக்கான கே.எஃப்.யூ.கே. தொடங்கியது. இன்று இவற்றின் பெயரைச் சாரணர் முகாம்களிலும் விளையாட்டுக் கழகங்களிலும் எமது பிள்ளைகள் காண்கிறார்கள்.

நாம் வந்தபோது எமக்கு என்ன வயது?

இவ்வளவும் படித்தபின் நாம் எம்மிடமே ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. எண்பதுகளில் அகதி முகாம்களில் இருந்து வெளியே வந்து, டேனிஷ் பங்குக் குருவிடம் போய், "எங்களுக்கு மாதம் ஒருமுறை தமிழில் பூசை வைக்க இடம் தாருங்கள்" என்று கேட்டவர்கள் யார்? கையால் எழுதிய பாட்டுத் தாள்களைப் பிரதி எடுத்து, ஒரு ஆர்மோனியத்தை வைத்துப் பாடகர் குழு தொடங்கியவர்கள் யார்? பெரும்பாலும் இருபதுகளில் இருந்த நாம்தான். எமக்கு மேலே மூப்பர் சபை இருக்கவில்லை, அனுமதி கேட்கப் பெரியவர்களும் அருகில் இல்லை. பிழை விட்டோம், திருத்தினோம், ஆனால் செய்தோம்.

இன்று அதே நாம் நிர்வாகக் குழுவில் இருக்கிறோம். ஒரு பிள்ளை கித்தார் கொண்டுவந்தால் முகம் சுளிக்கிறோம். வேதவாசகத்தைத் தடுமாறித் தமிழில் வாசித்தால் பின்வரிசையில் சிரிப்புக் கேட்கிறது. அந்தப் பிள்ளை அடுத்த முறை வாசிக்க வராது. 1741இல் நடந்தது சட்டப் புத்தகத்தில் மட்டும் நடப்பதில்லை, எமது மண்டபங்களிலும் நடக்கும்.

தமிழை விட்டுவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. வலிய யூலாந்தர் பழைய பாட்டை விடாமல் பிடித்ததும் ஒரு எழுப்புதல்தான். தாய்மொழியில் செபிக்கும்போது மனம் கரைவதை நாம் அறிவோம். ஆனால் சீகன்பால்க் ஊரவரைத் தன் மொழிக்கு வரச் சொல்லாமல், தானே மணலில் அமர்ந்தார். எமது பிள்ளைகள் சிந்திப்பதும் அழுவதும் இப்போது டேனிஷ் மொழியில். அவர்களின் சந்தேகங்களை அந்த மொழியில் கேட்க நாமும் கொஞ்சம் மணலில் அமர வேண்டும். அப்போது அவர்களும் எமது கீர்த்தனையின் பொருளைக் கேட்பார்கள்.

செய்யக்கூடியவை பெரியவை அல்ல. நிர்வாகக் குழுவில் 25 வயதுக்கு உட்பட்ட இருவருக்காவது பேச்சும் வாக்கும் கொடுக்கலாம். மாதத்தில் ஒரு வழிபாட்டைத் தயாரிக்கும் பொறுப்பை, வாசகம் முதல் பாட்டு வரை, அவர்களிடமே விடலாம். வீடுகளில் கூடும் சிறு குழுக்களுக்குப் பெரியவர் ஒருவர் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போகலாம். உதவி தேவைப்படும் புதிய அகதிகளிடமும் தனித்து வாழும் முதியவர்களிடமும் அவர்களை அனுப்பலாம். ஹாலேயின் பக்தி ஏழைப் பிள்ளைகளின் பாடசாலையில்தான் வளர்ந்தது.

1733இல் தரங்கம்பாடியில் ஆரோன் என்ற தமிழர் குருவாக அபிஷேகம் பெற்றார். இந்தியாவின் முதலாவது தமிழ் லூத்தரன் குரு அவர். சீகன்பால்கின் கையால் 1718இல் திருமுழுக்குப் பெற்றபோது அவர் ஏறக்குறைய 20 வயது இளைஞர். சீகன்பால்க் அந்த அபிஷேகத்தைக் காண உயிரோடு இருக்கவில்லை. விதைத்தவர் போன பிறகே அறுவடை வந்தது. எமது பிள்ளைகள் கட்டப்போகும் சபை நாம் பழகிய சபையைப் போல இருக்காது. அதன் கதவை அவர்களுக்குத் திறந்துவிடுவது மட்டும் எமது கையில் இருக்கிறது.