எஃப்.சி. முடிந்த காருக்கு இன்ஷூரன்ஸ் எதற்கு?

"எஃப்.சி.யே முடிந்துவிட்டது, இன்ஷூரன்ஸ் எதற்கு சார்?" பழைய கார் வைத்திருக்கும் நண்பர்கள் பலர் என்னிடம் கேட்பது இது.

மோட்டார் வாகனச் சட்டம் 1939-இல் வந்தது. மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கிய அத்தியாயம் மட்டும் 1946 ஜூலை 1-இல்தான் அமலானது. நம் வண்டியில் அடிபடும் வழிப்போக்கர் நஷ்டஈடு கிடைக்காமல் தவிக்கக் கூடாது என்பதற்காகத்தான் அது. 1988-ஆம் ஆண்டுச் சட்டமும் அதைக் கைவிடவில்லை.

அந்தச் சட்டப்படி சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வுக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீஸ் போகிற வழியும் பொதுச்சாலைதானே? அன்று யார் மீதாவது மோதினால், இன்ஷூரன்ஸ் இல்லாதவர் முழு நஷ்டஈட்டையும் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும். நம் பென்ஷன் தாங்குமா? அதனால் என் பழைய அம்பாஸடருக்கு எஃப்.சி. முடிந்த பிறகும் பிரீமியம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.