கொல்லிச் சாமையும் சமவெளிச் சவ்வரிசியும்

கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை, வன்பரணர் முதலிய சங்கப் புலவர்களால் பாடப்பெற்றது. அன்று பரிசில் நாடிய பாணர் அம்மலையை நோக்கிச் சென்றனர். இன்றோ மலைமக்களே பிழைப்பு நாடிச் சமவெளிக்கு இறங்குகின்றனர். கொடுத்த மலை கேட்கும் மலையானது எங்ஙனம்?

கொல்லிமலையின் பழங்குடியினர் 'மலையாளி' எனப்படுவர். கேரளத்தாரைக் குறிக்கும் சொல்லன்று இது; தமிழ் பேசும் மலைவாழ் மக்களின் பெயர். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர் என்பது அவர்தம் வழிவழிக் கதை. சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு ஆகியவையே அவர்தம் பழைய விளைச்சல். உமி நீக்காத சாமை ஆண்டுக்கணக்கில் கெடாது. மழை பொய்த்த ஆண்டிலும் அடுப்பெரியச் செய்யும்.

இரண்டாம் உலகப்போரின்போது அயல்நாட்டுச் சவ்வரிசியின் வரத்து நின்றது. அதனால் 1940-களில் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து சவ்வரிசி செய்யும் தொழில் வேரூன்றியது. ஆலைகள் பெருகப் பெருக, மரவள்ளி மலையேறியது. சாமை வயல் சுருங்கியது. இதனை மலைமக்களின் அறியாமை என்பது பிழை. சாமையை உரலிலிட்டுக் குற்றிப் புடைக்கும் கடும்பணி பெண்கள் தலையில் விழுந்தது. நியாயவிலைக் கடை அரிசி அதனைத் தவிர்த்தது. மரவள்ளியோ கைக்குக் காசு தந்தது. பள்ளிக்கும் மருத்துவத்திற்கும் காசு வேண்டியிருந்தது.

எனினும் அக்காசுக்கு ஒரு விலை உண்டு. பிடுங்கிய கிழங்கு சில நாட்களில் கெட்டுவிடும். ஆலையோ மலையடிவாரத்திற்கு அப்பால். ஆகவே காத்திருக்க இயலாதவன், கிடைத்த விலைக்கே விற்கிறான். இடைத்தரகரின் பிடியைத் தளர்த்த 1981-இல் சேலத்தில் 'சேகோசர்வ்' கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அதன் உறுப்பினர் ஆலையுடையோரே. கிழங்கு விளைவிப்போர் அல்லர்.

1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் சிறுதானியங்களை மீட்கும் பணியில் இறங்கியது. உமி நீக்கும் பொறிகள் ஊர்களுக்கு வந்தன. மகளிர் குழுக்கள் தானியத்தைப் பதப்படுத்தி விற்கலாயின. 2023-ஐ ஐ.நா. அவை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. நகரத்தார் தட்டில் சாமைக்கு மதிப்பு உயர்ந்தது. அம்மதிப்பில் எத்தனை பங்கு மலையேறுகிறது என்பதே இனி அளக்க வேண்டியது.

ஓரியின் கொடையைப் போற்றும் தமிழ், அவன் மலையில் உழுவோரின் நியாய விலையையும் பாடுபொருளாக்குமாயின், அதுவே அம்மலைக்குச் செலுத்தும் கைம்மாறு.