வாளுக்குப் பெயர் வைப்பது அலகா, கைப்பிடியா?

மரபு வாள்களை வகைப்படுத்த இரண்டு வழிகள் உண்டு. ஒன்று அலகின் நீளம், வளைவு, நுனி ஆகியவற்றைப் பார்ப்பது. மற்றொன்று கைப்பிடி, அதன் குமிழ், கைக்காப்பு ஆகியவற்றைப் பார்ப்பது. நார்வே அறிஞர் யான் பீட்டர்சன் 1919இல் வைக்கிங் கால வாள்களைக் கைப்பிடியைக் கொண்டு பிரித்தார். அக்கால அலகுகள் பெரும்பாலும் ஒன்றுபோல இருந்ததால் அவருக்கு அது பொருந்தியது. ஆங்கிலேயரான ஈவர்ட் ஓக்சாட் 1960களில் இடைக்கால ஐரோப்பிய வாள்களை முதன்மையாக அலகைக் கொண்டு வரிசைப்படுத்தினார். கவசம் கனக்கக் கனக்க, வெட்டும் அலகு குத்தும் அலகாக மாறிய வரலாறு அதில் தெரிந்தது.

இந்திய வாள்களுக்கு இவற்றுள் ஒன்று மட்டும் போதாது. இங்கே அலகு ஓர் ஊரிலும் கைப்பிடி வேறோர் ஊரிலும் செய்யப்படுவது வழக்கம். வட்டத் தட்டுக் குமிழ் கொண்ட கைப்பிடிகளில் அலகின் வால்பகுதியை அரக்கு போன்ற பிசினால் பதிப்பார்கள். சூடுகாட்டினால் கழன்றுவிடும். தாத்தாவின் அலகுக்குப் பேரன் புதுக் கைப்பிடி போடலாம். அப்படியானால் அந்த வாள் எந்தக் காலத்தது?

பெயர்களும் இப்படியே கலந்து கிடக்கின்றன. தல்வார் என்பது இந்தியில் வாள் என்பதற்கான பொதுச்சொல்தான். சேகரிப்பாளர்கள் அதை, வளைந்த அலகும் தட்டுக் குமிழும் உள்ள வாளுக்கென்று சுருக்கிவிட்டனர். ஃபிரங்கி என்பது அலகால் வந்த பெயர். ஐரோப்பிய நேரலகைக் கூடைபோன்ற இந்தியக் கைப்பிடியில் பொருத்தியது அது. தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் புறநகர் ரயிலில் போகிறவர்களுக்கு இச்சொல் அந்நியமல்ல. வழியில் வரும் பரங்கிமலையின் ‘பரங்கி’யும் ஃபிரங்கியும் ஒரே வேரிலிருந்து, அதாவது ‘ஃபிராங்க்’ என்னும் இனப்பெயரிலிருந்து வந்தவை என்பர். (மலையின் பெயரைப் பிருங்கி முனிவரோடு இணைக்கும் தலமரபும் உண்டு.) போர்த்துக்கீசியர் வருகைக்குப் பின் அத்தகைய அலகுகள் பெருமளவில் இறங்கின. பிறகு உள்ளூர்க் கொல்லர்களே அவற்றைப் பார்த்துச் செய்தனர், அவற்றுக்கும் ஃபிரங்கி என்றே பெயர். ஆகவே பெயரைப் பார்த்து இறக்குமதி என்று முடிவுகட்டக் கூடாது.

அதே ரயிலில் எழும்பூரில் இறங்கினால் சென்னை அரசு அருங்காட்சியகம் அருகில்தான். 1855இல் தஞ்சை அரசு ஆங்கிலேயர் கைக்குப் போனபின், அரண்மனை ஆயுதச்சாலையின் ஒரு பகுதி இங்கு வந்து சேர்ந்தது. மீதியில் பெரும்பங்கு உடைத்துப் பழைய இரும்பாக விற்கப்பட்டது. தப்பியவற்றில் யாளி முகக் கைப்பிடியுடன் ஐரோப்பிய அலகு சேர்ந்தவையும் உண்டு. அலகை மட்டும் குறித்தால் தென்னாட்டுக் கம்மியர் மறைந்துபோவார். கைப்பிடியை மட்டும் குறித்தால் கடல்வணிகம் மறைந்துபோகும். 1880இல் இந்திய ஆயுதப் பட்டியல் வெளியிட்ட எகர்ட்டன், வட்டாரம், மக்கள் என்றே பெரும்பாலும் தொகுத்தார். அதிலும் இத்தகைய கலப்பு வாளுக்கு நேரான இடமில்லை. இரு உறுப்பையும் தனித்தனியே எழுதுவதே நேர்மையான விவரிப்பு: ‘தென்னிந்தியக் கைப்பிடி, 17ஆம் நூற்றாண்டு; ஐரோப்பிய நேரலகு’ என்பதுபோல.

இந்தச் சிக்கலில் சிக்காதது கட்டாரி. இரு இணைச் சட்டங்களுக்கு நடுவே குறுக்காகப் பிடிக்கும் அதன் கைப்பிடி வேறெதிலும் இல்லை. அலகு நேராக இருக்கலாம், வளையலாம், இரண்டாகப் பிளந்தும் இருக்கலாம். உடைந்த ஐரோப்பிய வாளின் துண்டையே அலகாக வைத்த தஞ்சைக் கட்டாரிகளும் உண்டு. அப்போதும் அது கட்டாரிதான்.