அத்திரியும் பொதிக்கழுதையும்

மலைநாடுகளில் பொதி சுமத்தற்குக் கோவேறு கழுதையைச் சிறப்பாகக் கொள்ளுதல் பல நாட்டு வழக்கு. ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறக்கும் இவ்விலங்கு, தந்தையின் பொறுமையும் தாயின் உடல்வலியும் ஒருங்கே வாய்க்கப்பெற்றது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க நாட்டின் மேற்குப் பகுதியில் போர் நடத்திய ஜார்ஜ் குரூக் என்னும் தளபதி, வண்டி செல்லாத வழிகளில் படைக்கு வேண்டுவனவற்றை இவ்விலங்கின் முதுகிலேயே ஏற்றிச் சென்றார். சங்க இலக்கியம் காட்டும் நிலை இதனின் வேறானது.

கோவேறு கழுதையை அத்திரி என்பர் பண்டையோர். யாம் கண்ட இடங்களிலெல்லாம் அது செல்வரின் ஊர்தியாகவே வருகின்றது. நற்றிணை 278ஆம் பாட்டில் நெய்தல் நிலத் தலைவனது அத்திரியின் குளம்பில் கழிச்சேற்றுச் செவ்விறால் ஒடுங்கிக் கிடக்கின்றது. அகநானூறு 350இல் அது தேர் பூணும் விலங்கு. சிலப்பதிகாரக் கடலாடு காதையிலோ கோவலன் அத்திரி மேலும் மாதவி வையத்திலும் ஏறிக் கடற்கரை செல்கின்றனர். பகைவர் நிலத்தை உழுது பாழ்செய்யப் பூட்டிய இழிந்த விலங்காகக் கழுதையைப் புறநானூறு 15 கூறும்; அதன் மகவோ வணிகச் செல்வன் ஏறும் ஊர்தி! 'கோ ஏறு கழுதை' என்னும் பெயரும் இதனையே உணர்த்தும்.

இதற்குக் காரணம் யாது? கோவேறு கழுதை தன் இனத்தைப் பெருக்குவதன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெண் குதிரை வேண்டும். குதிரையோ கடல்வழி வந்த பண்டம் என்பது பட்டினப்பாலையால் அறியப்படும். அத்திரி இங்கே பிறந்ததோ கலத்தில் வந்ததோ எனப் பாடல்கள் கூறா. எவ்வாறாயினும் அது விலைமிக்கதாகவே இருந்திருக்கும். அத்தகையதன் மேல் உப்பு மூட்டையை ஏற்றுவார் யார்?

ஆகவே சுமை முழுதும் கழுதையின் மேலும் எருதின் மேலும் விழுந்தது. உமணர் சகடம் செல்லும் வழியில் எருது இழுத்தது. சகடம் ஏறாத கல்வழியில் கழுதை சென்றது. அகநானூறு 207 கடற்கரை உப்பை மேற்குப் புலத்துக்குக் கொண்டுசெல்லும் கழுதை நிரையைக் காட்டுகின்றது. அவற்றின் குளம்புகள் தேய்ந்து குறைந்தவை. அவை உதைத்த கற்கள் வழியில் புரண்டு கிடக்கின்றன. பெரும்பாணாற்றுப்படையில் கழுதைச் சாத்து சுமப்பது மிளகு. உருத்திரங்கண்ணனார் அச்சுமையைப் 'புணர்ப்பொறை' என்றது கருதத்தக்கது. முதுகின் இருபுறமும் ஒத்த எடையாக இணைத்த பொதி என்றே யாம் கொள்கின்றோம். ஒருபுறம் கனத்தால் பொதி சரியும்; சரிந்த பொதி முதுகைப் புண்ணாக்கும். இன்றும் பொதி ஏற்றுவோர் முதலிற் கற்பது இதுவே. எனினும் வலிய அம்முதுகில் வடு நீங்கவில்லை என்பதையும் புலவர் கண்டிருக்கின்றார். கட்டு எத்துணைச் செம்மையாயினும் நெடுவழியும் நாட்பட்ட சுமையும் தம் வேலையைச் செய்தே தீரும் போலும்.

இவ்விரு பாடல்களுக்கும் இடையே மற்றொரு வேறுபாடும் உண்டு. உப்புச் சாத்தினர் புள் நிமித்தம் பார்த்துத் தாமே படைக்கலம் ஏந்திப் புறப்படுகின்றனர். மிளகுச் சாத்துச் செல்வதோ சுங்கம் கொள்ளும் பெருவழி. அதன் கவர்நெறிகளை வில்லேந்தியோர் காக்கின்றனர். தொண்டைமான் இளந்திரையன் நாட்டில் உல்கு கொண்டவனே வழிக்காவலையும் ஏற்றான் எனக் கொள்ளலாம்.