விருத்தாசலத்தில் தொடங்கி உளுந்தூர்பேட்டையில் முடிந்த நம்பிக்கை

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

தேர்தல் பேச்சு எடுத்தாலே பழைய மாணவர்கள் சிலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது: "சார், ஒரு தலைவர் ஒருநாள் சரியாகப் பேசவில்லை என்றால் அவரை விட்டுவிடுவதா? அது நியாயமா?" 2024 ஜூன் 27 அன்று அமெரிக்காவில் பைடனும் டிரம்பும் விவாதம் நடத்திய பிறகு இந்தக் கேள்வி அதிகமாக வந்தது. 81 வயது பைடன் அன்று தடுமாறினார், சொல்ல வந்ததைப் பாதியில் விட்டார். 24 நாளில், ஜூலை 21 அன்று, போட்டியிலிருந்தே விலகினார்.

இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. நம் கடலூர் மாவட்டமே இதைப் பார்த்திருக்கிறது. விஜயகாந்தைப் பற்றித்தான் சொல்கிறேன். அவர் 2023 டிசம்பர் 28 அன்று மறைந்தார். மறைந்த மனிதரைக் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. நம் மக்கள் ஒருவரை எப்படி நம்பினார்கள், அந்த நம்பிக்கை எங்கே, எதனால் போனது என்பதை வரலாறாகப் பார்க்கலாம்.

நம் ஊரில் வேட்பாளர்களை எதிரெதிரே நிறுத்திக் கேள்வி கேட்கும் வழக்கம் இல்லை. ஆனால் பேச்சை வைத்து ஆளை எடை போடும் வழக்கம் நமக்குப் பழையது. 1943-ல் கம்பராமாயணம் பற்றி அண்ணா இரண்டு சொற்போர் நடத்தினார். பிப்ரவரியில் சென்னை சட்டக் கல்லூரியில் ரா.பி. சேதுப்பிள்ளையுடன், மார்ச்சில் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாருடன். பாரதியார் நம் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த் துறைத் தலைவராக இருந்தவர். அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்த நெடுஞ்செழியனும் அன்பழகனும் பின்னாளில் பேசிப் பேசியே ஒரு கட்சியை வளர்த்தார்கள். அப்படிப்பட்ட மண்ணில் காமராஜர் மேடைப் பேச்சாளரே இல்லை. இரண்டு மூன்று வாக்கியத்தில் முடித்துவிடுவார். அவரை ஒன்பது ஆண்டு முதலமைச்சராக ஏற்றுக்கொண்டோம். ஆகவே, பேச வராதவரை நம் மக்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்று சொல்ல முடியாது. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

விஜயகாந்த் 2005 செப்டம்பர் 14 அன்று மதுரையில் தே.மு.தி.க.வைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சட்டமன்றத் தேர்தல். மதுரைக்காரரான அவர் போட்டியிடத் தேர்ந்தெடுத்தது நம் விருத்தாசலத்தை. பா.ம.க.வின் செல்வாக்கு மிகுந்த பகுதி அது, அப்போதைய எம்.எல்.ஏ.வும் அந்தக் கட்சிதான். துணைக்கு எந்தக் கூட்டணியும் இல்லை. "பாவம், டெபாசிட் போகப்போகிறது" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். முடிவு வந்தபோது 13 ஆயிரம் ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார். தமிழ்நாடு முழுவதும் தனித்து நின்ற அவருடைய கட்சிக்குக் கிடைத்த ஒரே இடம் விருத்தாசலம். மாநில அளவில் சுமார் 8 சதவீதம் ஓட்டு. 2009 நாடாளுமன்றத் தேர்தலில் அது 10 சதவீதத்தைத் தாண்டியது.

ஏன் நம்பினார்கள்? அவர் அழகாகப் பேசினார் என்று யாரும் சொல்லவில்லை. எழுதி வைத்துப் படிப்பதில்லை, வீட்டில் பேசுவதுபோல் பேசினார். ரேஷன் பொருள் வீடு தேடி வரும் என்றார். மக்களோடும் தெய்வத்தோடும்தான் கூட்டணி என்றார். சாதிக் கணக்கே முடிவைத் தீர்மானிக்கும் என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்த ஊரில், அந்தக் கணக்கைத் தாண்டி ஓட்டு விழுந்தது. வரலாறு நடத்திய எனக்கு அது சாதாரணச் செய்தி இல்லை.

2011-ல் அவர் அ.தி.மு.க.வோடு கூட்டணி சேர்ந்தார். 41 இடத்தில் நின்று 29-ல் ஜெயித்தார்கள். தி.மு.க.வுக்கு 23 இடம்தான். ரிஷிவந்தியத்தில் வென்ற விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார். நம் மாவட்டத்தில் விருத்தாசலமும் பண்ருட்டியும் அவர் கட்சிக்கு வந்தன.

இந்த இடத்தில்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. உங்களில் பலர் அதை அனுபவித்தவர்கள். பண்ருட்டி பக்கம் தாத்தா காலத்துப் பலா மரங்கள் வேரோடு சாய்ந்தன. முந்திரித் தோப்புகள் தரையோடு படுத்தன. ஒரு முந்திரி மரம் வளர்ந்து முழுப் பலன் தர எத்தனை வருஷம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். மின்சாரம் இல்லை, குடிதண்ணீர் இல்லை. நமக்காகச் சபையில் உரக்கப் பேச ஓர் ஆள் வேண்டியிருந்த நேரம் அது.

ஒரு மாதம் கழித்து, 2012 பிப்ரவரி 1. சட்டமன்றத்தில் பஸ் கட்டணமும் பால் விலையும் உயர்ந்தது பற்றி விவாதம். மக்கள் வயிற்றை நேரடியாகத் தொடும் விஷயம், நியாயமும் எதிர்க்கட்சி பக்கம் இருந்தது. ஆனால் பேச்சு வாக்குவாதமாகி, விஜயகாந்த் விரலை நீட்டி, நாக்கைத் துருத்திக் கோபப்பட்டார். அவரைப் பத்து நாள் சஸ்பெண்ட் செய்தார்கள். முதலமைச்சர் ஜெயலலிதா, தே.மு.தி.க.வுக்கு இனி இறங்குமுகம்தான் என்று சபையிலேயே சொன்னார்.

மறுநாள் பேப்பரில் பால் விலை பின்னுக்குப் போய்விட்டது, விரலும் நாக்கும்தான் பெரிய செய்தி. அவருக்கு ஓட்டுப் போட்ட ஒரு சக ஆசிரியர், ஸ்டாஃப் ரூமில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "கேட்க வேண்டியதைக் கேட்காமல் வந்துவிட்டாரே" என்றார். அவருக்குப் பண்ருட்டி அருகே முந்திரித் தோப்பு உண்டு. அந்தக் கோபத்தைச் சிலர் துணிச்சல் என்று பாராட்டவும் செய்தார்கள். ஆனால் எதிர்க்கட்சித் தலைவரின் நாற்காலி காலியாகக் கிடந்த நாட்களில் நட்டம் யாருக்கு? சாய்ந்த தோப்புக்காரனுக்குத்தான்.

அடுத்த சில ஆண்டுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எம்.எல்.ஏ.க்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். 2015 கடைசியில் நம் மாவட்டம் வெள்ளத்தில் மூழ்கி எழுந்த சமயம், டிசம்பர் 27 அன்று, பத்திரிகையாளர்களின் கேள்விக்கு அவர் "தூ" என்று துப்பிக் காட்டினார். ஜெயலலிதாவிடம் இப்படிக் கேட்பீர்களா என்பது அவர் வாதம். அந்த வாதத்தில் பொருள் இருந்தது. ஆனால் ஊர் அதைக் கேட்கவில்லை, துப்பியதைத்தான் பார்த்தது.

2016 பிப்ரவரி 20 அன்று காஞ்சிபுரம் மாநாட்டில், கிங்காக இருக்க வேண்டுமா, கிங்மேக்கராக இருக்க வேண்டுமா என்று கூட்டத்தைக் கேட்டார். கிங் என்று கூட்டம் முழங்கியது. தனித்துப் போட்டி என்று மார்ச் 10 அன்று அறிவித்தவர், மார்ச் 23 அன்று மக்கள் நலக் கூட்டணியோடு சேர்ந்து முதலமைச்சர் வேட்பாளரானார். பிரசார மேடைகளில் சொற்கள் குழறின. ஒரு விஷயத்தைத் தொடங்கி வேறொன்றுக்குப் போனார். அந்தத் துண்டுகள் வாட்ஸப்பில் கேலியாகச் சுற்றின. அந்தக் கேலி எனக்குப் பிடிக்கவில்லை. உடல்நலக் குறைவுக்காக அவர் பின்னாளில் வெளிநாடு வரை சென்று சிகிச்சை பெற்றதை நாம் அறிவோம். நோயாளியைப் பார்த்துச் சிரித்தோமோ என்று பலர் பிறகு வருந்தினார்கள்.

மே மாதம் முடிவு வந்தது. 104 இடத்தில் நின்ற தே.மு.தி.க.வுக்கு ஓர் இடம்கூட இல்லை. ஓட்டு 2.4 சதவீதம். விருத்தாசலத்திலிருந்து அதிகத் தூரமில்லாத உளுந்தூர்பேட்டையில் நின்ற அவர் மூன்றாம் இடத்துக்குப் போய் டெபாசிட்டையும் இழந்தார். அதே கூட்டணியில், சிதம்பரம் நாடாளுமன்றத் தொகுதிக்குள் வரும் காட்டுமன்னார்கோயிலில் நின்ற தொல். திருமாவளவன் வெறும் 87 ஓட்டில் தோற்றார். 87 ஓட்டு எதனால் குறைந்தது என்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் முதலமைச்சர் வேட்பாளர் மேல் நம்பிக்கை போகும்போது, அந்தச் சுமை அவரோடு நிற்கும் எல்லோர் தலையிலும்தான் விழும்.

இப்போது காமராஜரிடம் திரும்பி வாருங்கள். என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும், கையெழுத்து கோழி கிறுக்கியதுபோல் இருந்தாலும் விடை இருந்தால் மதிப்பெண் போட்டுவிடுவேன். நம் மக்களும் அப்படித்தான் திருத்துகிறார்கள். நாக்கு குழறியதற்காக யாரையும் ஃபெயில் ஆக்குவதில்லை. விலைவாசிக்கு என்ன வழி, தோப்பை இழந்தவனுக்கு என்ன வழி, நேற்று தனித்து என்றவர் இன்று ஏன் கூட்டணி என்கிற கேள்விகளுக்கு விடை எழுதாத தாளுக்குத்தான் மதிப்பெண் போடவில்லை. குழறிய பேச்சு கண்ணில் பட்ட கடைசிக் காரணம். முதல் காரணம் 2012-லேயே தொடங்கிவிட்டது.

நோயையும் இயலாமையையும் பார்த்தவுடன் சுற்றி இருந்தவர்கள் அவரை வெயிலில் ஊர் ஊராக அழைத்துப் போகாமல் ஓய்வெடுக்க விட்டிருக்கலாம் என்ற வருத்தமும் எனக்கு உண்டு. பைடன் விஷயத்திலும் கட்சிக்காரர்கள் மேல் இதே குறைதான் சொல்லப்பட்டது.

அவர் மறைந்தபோது சென்னையில் திரண்ட கூட்டத்தை டிவியில் பார்த்திருப்பீர்கள். நம் பக்கத்திலிருந்தும் வேன் வைத்துக்கொண்டு போனார்கள். 2016-ல் ஓட்டுப் போடாதவர்களும் அழுதார்கள். அவர் போட்ட சோற்றை நினைத்து அழுதார்கள். அதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. பாசம் ஒருவர் நமக்குச் செய்ததைப் பார்த்து வருவது. நாளை நமக்காக நிற்பாரா என்று பார்த்து வருவது ஓட்டு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாததில் நம் ஜனங்கள் கெட்டிக்காரர்கள்.

விருத்தாசலம், பண்ருட்டி பக்கத்து மாணவர்கள் 2006 தேர்தல் நினைவுகளைக் கீழே எழுதுங்கள். தானே புயலுக்குப் பிறகு மறுபடி நட்ட முந்திரி இப்போது எப்படிக் காய்க்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

அனைவரும் நலமாக இருங்கள்.